ஒற்றைக்கொம்பின் எடை

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டாகிவிட்டது, எழுதுவதற்கு லேசான சொற்செயலி எது என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டதும், நேற்றுவரை மேசைமேல் இருந்த கருவிகள்கூட ஒரே நாளில் ‘பழைய கணினி’ ஆகிவிட்டன. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியைப் பரணிலிருந்து இறக்கியவர்களும் இந்த வரிசையில் உண்டு. 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்சையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த மாணவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு கதை.

கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரு பட்டியல். அபிவேர்டு, ஃபோகஸ்ரைட்டர், வேர்டுகிரைண்டர், டெட், இன்னும் இரண்டு மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எவ்வளவு நினைவகம் பிடிக்கும் என்று ஒரு எண். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அதுவே போதும். தமிழில் எழுதுகிறவர் அந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நிரலைத் திறந்ததும் ‘கொக்கு’ என்று அடிக்க வேண்டும். அடுத்து ‘கௌதமன்’, ‘ஸ்ரீரங்கம்’, ‘க்ஷணம்’. பிறகு அம்புக்குறி விசையால் ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் வர வேண்டும். கர்சர் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் நிற்கிறதா, எழுத்தின் வயிற்றுக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘கொ’வுக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸைத் தட்டினால் ககரம் மட்டும் மிஞ்ச வேண்டும். இவ்வளவும் சரியாக நடந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

இந்தச் சோதனை ஏன் தேவைப்படுகிறது என்றால், ‘கொ’ என்பதைக் கணினி தனக்குள் வைத்திருக்கும் வரிசையும் நாம் திரையில் பார்க்கும் வரிசையும் ஒன்றல்ல. 1991-இல் வந்த யூனிகோடு, இந்திய எழுத்துகளுக்கு இஸ்கி தரம் போட்ட பாதையிலேயே போனது. ஒலிக்கும் வரிசைதான் சேமிப்பு வரிசை. முதலில் க, அப்புறம் ஒகரக் குறி. திரைக்கு வரும்போது ஒற்றைக்கொம்பு ககரத்தின் இடப்பக்கம் தாவ வேண்டும், கால் வலப்பக்கம் நிற்க வேண்டும். அந்தத் தாவலை யாராவது செய்து கொடுத்தாக வேண்டும்.

தட்டச்சுப்பொறியில் அதைச் செய்தது கை. கொம்பை அடித்து, ககரத்தை அடித்து, காலை அடித்தோம். பாமினி போன்ற எழுத்துருக்களின் காலத்திலும் கைதான் செய்தது. அந்தக் காலத்துக் கணினிக்குத் தான் தமிழ் எழுதிக்கொண்டிருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் உருவங்களை உட்கார வைத்திருந்தார்கள். ‘கொ’ என்பது அதற்கு மூன்று ஆங்கில எழுத்துகள், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலம் கொட்டிக் கிடக்கும். ஆனால் ஒரு சௌகரியம் இருந்தது. ஆங்கிலம் காட்டத் தெரிந்த எந்த நிரலுக்கும் தமிழ் காட்டத் தெரியும். 32 எம்பி ரேம் இருந்த கணினியில் விண்டோஸ் 98-ஐயும் பேஜ்மேக்கரையும் வைத்துக்கொண்டு டிடிபிக்காரர்கள் புத்தகம் புத்தகமாக அடுக்கித் தள்ளினார்கள். லேசான தமிழ் என்றால் அதுதான். தேடுவது சிரமம், அகரவரிசைப்படுத்த முடியாது, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் எழுத்துரு தேடி அலைய வேண்டும். யூனிகோடு வந்தபோது கையின் வேலை கணினிக்குப் போனது.

இந்தப் பின்னணியோடு பார்த்தால், பட்டியலிலேயே மிக லேசான நிரல்கள்தான் நமக்குக் கைகொடுக்காதவை. வேர்டுகிரைண்டர் முனையத்துக்குள் ஓடுகிற சொற்செயலி. சாளரம் கிடையாது, சுட்டி கிடையாது, மெனுவை வேண்டும்போது மட்டும் கூப்பிடலாம். நானோ, விம் போன்ற திருத்திகளும் அதே வீட்டில் குடியிருப்பவை. முனையம் என்பது சமமான கட்டங்கள் வரைந்த தாள். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து என்பது அதன் சட்டம். சீன எழுத்துக்கு இரண்டு கட்டம் ஒதுக்கிச் சமாளித்தார்கள். இடப்பக்கம் தாவும் கொம்புக்கும், அகலம் மாறிக்கொண்டே இருக்கும் ‘ணை’, ‘ஞௌ’ போன்றவற்றுக்கும் அந்தத் தாளில் இடம் இல்லை. பெரும்பாலான முனையங்களில் கொம்பு தப்பான பக்கத்தில் நிற்கும், இல்லையென்றால் ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியே நிற்கும். சாளரச் சூழலே இல்லாத வெறும் லினக்ஸ் கன்சோலின் நிலை இன்னும் மோசம். மொத்தமே 512 எழுத்துருவங்களுக்குமேல் அதற்குக் கொள்ளாது, எழுத்தைக் கோத்துக் காட்டும் வித்தையும் தெரியாது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் பெரிய நாவல்களை டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4.0 வைத்து எழுதுகிறார் என்ற செய்தி வந்தபோது தமிழ் எழுத்தாளர்கள் பலரும் அதை ரசித்துப் பகிர்ந்தார்கள். எளிமையான கருவி, கலையாத கவனம் என்றெல்லாம். நானும் ரசித்தேன், கொஞ்சம் பொறாமையோடு. அந்த எளிமை அவருடைய எழுத்துக்கு யாரும் கேட்காமலே கிடைத்தது. இருபத்தாறு எழுத்து, ஒன்றன்பின் ஒன்று, கட்டத்துக்கு ஒன்று.

நிக்லாஸ் விர்த்தையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டியிருக்கிறது. பாஸ்கல் மொழியை உருவாக்கிய சுவிஸ் அறிஞர். மென்பொருள் ஒல்லியாக இருக்க வேண்டும் என்று வாதாடி 1995-இல் அவர் எழுதிய கட்டுரை பிரபலமானது. கணினி வேகமாகும் வேகத்தைவிட மென்பொருள் மெதுவாகும் வேகம் அதிகம் என்ற புலம்பலுக்கு அவர் பெயரிலேயே ஒரு விதி உண்டு. கால் நூற்றாண்டுக்கு முன்பு ஓர் உரைத்திருத்தியை 8,000 பைட்டுகளுக்குள் எழுதிவிட முடிந்தது என்று அந்தக் கட்டுரையில் சொல்கிறார். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியைச் சேமிக்க, வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டு. இந்தக் கட்டுரையின் முதல் சில பத்திகளுக்கே அவருடைய 8,000 போதாது. விர்த் சொன்னதில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒல்லி எது, சதை எது என்று அளக்கும்போது யாருடைய எழுத்தை வைத்து அளக்கிறோம் என்பதை மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கொம்பு தாவுவதை ஒரு ஆங்கிலேயர் கூடுதல் வசதி என்று பட்டியலிடலாம். நமக்கு அது எழுத்தே.

ஆனால் கொம்பை நகர்த்துவது அப்படியொன்றும் பளுவான வேலையில்லை. இன்று லினக்சில் பெரும்பாலும் அதைச் செய்வது ஹார்ஃபஸ் என்ற நூலகம். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் முன்னின்று வளர்த்தது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிபர்ஆஃபிஸ் எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. அளவு ஏறத்தாழ ஒரு எம்பி. கைப்பேசியில் எடுத்த ஒரு படம் அதைவிடப் பெரியது. ஜிடிகே, கியூடி என்ற இரண்டு சாளரக் கருவித்தொகுப்புகளில் எதன்மேல் எழுதப்பட்ட நிரலானாலும் இந்த வித்தை அதற்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. எக்ஸ்எஃப்சிஇ சூழலோடு வரும் மவுஸ்பேட், லுபுண்டுவில் இருக்கும் ஃபெதர்பேட் இரண்டும் வெறும் உரைத்திருத்திகள்தான், தடித்த எழுத்துகூடப் போடத் தெரியாதவை. ஆனாலும் ‘ஸ்ரீரங்கம்’ அவற்றில் கோணாமல் வரும்.

எனவே தமிழுக்கு ஒரு தரைமட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே போக முடியாது. அதுவும் அப்படியொன்றும் உயரத்தில் இல்லை. அதற்குமேல் ஏறுகிற எடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், மொழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுதுவதையும் பக்கம் அடுக்குவதையும் ஒரே சாளரத்துக்குள் போட்டுக் கலந்ததிலிருந்து வருகிறது. நான் ஒரு வரியின் நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தால், சொற்செயலி அந்தப் பத்தியை மறுபடி மடிக்கிறது, பத்தி நீண்டால் பக்கம் உடைகிறது, அடிக்குறிப்பு அடுத்த பக்கம் போகிறது, பக்க எண் மாறுகிறது. நான் இன்னும் என்ன சொல்ல வருகிறேன் என்று எனக்கே தெரியாத நேரத்தில், அது ஏ4 தாளில் எப்படி அச்சாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த வேலையைக் குறைந்த செலவில் செய்யப் பார்த்ததுதான் அபிவேர்டு. 1998-இல் சோர்ஸ்கியர் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு முழு அலுவலகத் தொகுப்பின் முதல் பகுதியாக அதைத் தொடங்கியது. பிறகு நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள, தன்னார்வலர்கள் எடுத்து நடத்தினார்கள். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக வடிவமைத்த பச்சை வெள்ளை எக்ஸ்ஓ மடிக்கணினியின் எழுதும் செயலி அபிவேர்டின் மேல் கட்டப்பட்டதுதான். 433 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம். உருகுவே, பெரு நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் அதில்தான் பாடம் எழுதினார்கள். எந்த லினக்ஸ் வகைக்கு இலகு என்று பெயர் வைத்தாலும் அதில் ஒரு காலத்தில் அபிவேர்டு இருந்தது. ஸுபுண்டு, பழைய லுபுண்டு, பப்பி எல்லாமே. அதன் கோப்பை ஒரு உரைத்திருத்தியில் திறந்தால் நம் வாக்கியங்கள் குறிகளுக்கு நடுவில் அப்படியே படிக்கிற மாதிரி கிடக்கும். நிரலே ஒருநாள் காணாமல் போனாலும் எழுதியது போகாது. இந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

பிடிக்காததும் உண்டு. பத்திரிகை ஆசிரியர் திருத்தங்கள் குறித்து அனுப்பும் வேர்டு கோப்பை அதில் திறந்தால் எல்லாம் அப்படியே வந்து சேராது. சிக்கலான அட்டவணை கலையும். வளர்ச்சியும் பல ஆண்டுகளாக நத்தை வேகம். லுபுண்டுவே 2018-இல் அதைக் கைவிட்டு லிபர்ஆஃபிஸுக்குப் போய்விட்டது. இலகு என்று பெயரெடுத்த வகையே ‘பளு’ என்று பெயரெடுத்ததை ஏற்றுக்கொண்டது என்றால் அந்தப் பளுவைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

லிபர்ஆஃபிஸ் கேட்கும் குறைந்தபட்ச ரேம் 256 எம்பி, பரிந்துரைப்பது 512. நம்மிடம் இருக்கும் ‘பழைய’ கணினியில் 2 ஜிபி இருக்கிறது. பிறகு ஏன் முக்கி முனகுகிறது? திறக்கும்போது மட்டும்தான் முனகுகிறது. பதினைந்து வருடமாகச் சுழன்றுகொண்டிருக்கும் ஹார்டு டிஸ்கிலிருந்து நூற்றுக்கணக்கான எம்பியை வாரி எடுத்துவர வேண்டும். வந்துவிட்டால் லிபர்ஆஃபிஸ் தொகுப்பின் சொற்செயலியான ரைட்டர் ஓரளவு ஒழுங்காகவே ஓடும், பக்கத்தில் உலாவியைத் திறந்து வைக்காதவரை. விளம்பரம் நிறைந்த ஒரு செய்தித்தளம் பிடிக்கும் நினைவகத்தில் ரைட்டர் தாராளமாகக் குடும்பம் நடத்தும். சொற்செயலியைத் திட்டிக்கொண்டே உலாவியில் பத்துத் தாவல் திறந்து வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் சொல்வது ஒன்றே: முதலில் ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். எந்தச் சொற்செயலியை மாற்றினாலும் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும்.

ரைட்டரைப் பழைய கருவிக்குப் பழக்கவும் வழி இருக்கிறது. டெபியன் வகைகளில் முழுத் தொகுப்பையும் இறக்காமல் ரைட்டரை மட்டும் நிறுவலாம். அமைப்புகளில் போய் ஜாவாவை அணைக்கலாம். எழுதுவதற்கு அது வேண்டியதில்லை. எழுத்துப்பிழை திருத்தியையும் அணைத்துவிடுவேன். இதற்குக் காரணம் எடை மட்டுமில்லை. ‘வந்துவிட்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதை ஒரே சொல்லாக எழுதும் மொழிக்கு, சொல்பட்டியலை வைத்து ஒப்பிடும் திருத்தி பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு இழுத்து வைக்கும். அவ்வளவு சிவப்பில் உண்மையான பிழை கண்ணில் படாது.

ரைட்டரில் தமிழ் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும் இடம் எழுத்துரு அளவு. எழுத்துரு உரையாடல் பெட்டியில் அளவை 14 ஆக்குவோம், தமிழ் அசையாமல் அப்படியே நிற்கும். காரணம், ரைட்டர் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு எழுத்துருவும் சிக்கலான எழுத்து வகைகளுக்கு இன்னொன்றும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. தமிழ் இரண்டாவது வகையில் வரும். அதே பெட்டியில் இருக்கும் இன்னொரு பகுதியில் போய்த் தமிழ் எழுத்துருவையும் அளவையும் மாற்ற வேண்டும். அது கண்ணில் படாவிட்டால் மொழி அமைப்புகளில் அந்த வகையை இயக்க வேண்டும். பாணிகளில் ஒருமுறை மாற்றிவைத்துவிட்டால் அதன்பின் தொல்லை இல்லை.

இன்னொரு முட்டல் திரையில். 2007-இல் வந்த ஏசுஸ் ஈ பிசி போன்ற குட்டி மடிக்கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஈ பிசியின் திரை 800-க்கு 480 புள்ளி. பெரிய உரையாடல் பெட்டி திறந்தால் ‘சரி’ பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தை மேலே இழுத்தால் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் இழுக்க வேண்டும். இந்த மாதிரிக் கருவிக்கு ஃபோகஸ்ரைட்டர் பொருத்தம். மெனு எல்லாம் ஓரத்தில் ஒளிந்திருக்கும், சுட்டியைக் கொண்டுபோனால் மட்டும் தலைகாட்டும். திரை முழுக்க எழுத்துக்குத்தான். கியூடியில் எழுதப்பட்டதால் கொம்பு பிரச்சினையும் இல்லை. பின்னணியில் படம் வைக்கும் ஆசையை மட்டும் விட்டுவிட்டு ஒரே நிறமாக வைத்துக்கொள்ள வேண்டும். தட்டச்சுப்பொறிச் சத்தம் கேட்கும் வசதியும் அதில் உண்டு. வீட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் எழுதுகிறவர்கள் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

லிக்ஸ், லேடெக் என்ற பக்கம் அடுக்கும் கருவிகளைப் பற்றிப் பேசுகிறவர்களும் வருவார்கள். ஆய்வேடு எழுதுகிறவருக்கு லிக்ஸ் அருமையான கருவி. முன்னால் தெரியும் சாளரம் ஒல்லி. பின்னால் நிற்கும் டெக் தொகுப்பை முழுதாக நிறுவினால் பல ஜிபி. பழைய கணினியில் சிறுகதை எழுத இத்தனை படை எதற்கு என்பது என் கட்சி.

நான் செய்வது எழுத்தையும் பக்கத்தையும் பிரிப்பது. எழுதுவது உரைத்திருத்தியில், வெறும் உரைக்கோப்பாக. இந்த நீளத்துக் கட்டுரை ஏறத்தாழ 50 கேபி வரும், சேமிக்கச் சொன்னால் கண் இமைப்பதற்குள் சேமிக்கும். பாட்டரி செத்து மின்சாரம் போனாலே அணைந்துவிடும் மடிக்கணினியில் இது பெரிய விஷயம். அனுப்பும் நாளில் ரைட்டரைத் திறந்து, உரையை ஒட்டி, தலைப்பு, பத்தி, மேற்கோள் பாணிகளைக் கொடுத்து, வேர்டு கோப்பாகச் சேமித்து அனுப்பிவிடுவது. ரைட்டர் திறப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு டீ குடிக்கலாம், அன்றைக்கு ஒருமுறைதானே. பத்திரிகை அலுவலகத்தில் அந்தப் பாணிகளையெல்லாம் உரித்துப்போட்டுவிட்டு வெறும் உரையைத்தான் வடிவமைப்பாளர் எடுத்துக்கொள்ளப் போகிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

வெறும் உரைக்கும் ஒரு பள்ளம் உண்டு. ‘கௌ’ என்று எழுத ஔகாரக் குறியைப் போடாமல் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தேடும்போதுதான் பாதி கௌதமன்கள் காணாமல் போவார்கள். தட்டச்சுப்பொறிப் பழக்கத்தின் மிச்சம் அது. எந்தச் சொற்செயலியும் இதற்குப் பொறுப்பாகாது.

ஆகவே யாராவது கேட்டால், கணினியில் எவ்வளவு ரேம் என்பதற்கு முன்னால் நான் கேட்பது, எழுதிய கோப்பு யாருக்குப் போகப்போகிறது என்பது. திருத்தக் குறிப்புகளோடு போய்ப் போய் வரும் கோப்பு என்றால் ரைட்டர்தான், வேறு பேச்சில்லை. 64 பிட் செயலியா என்றும் பார்த்துக்கொள்ளச் சொல்வேன்; 32 பிட் கருவிகளில் நேரடியாக நிறுவும் வசதியை 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 நிறுத்திவிட்டது, லிபர்ஆஃபிஸ் திட்டமும் 32 பிட் லினக்சுக்குத் தானே கட்டிக்கொடுப்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது. கடிதம், விண்ணப்பம், சங்கத்து அறிக்கை எழுதி அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் என்றால், அவருடைய கருவியின் தொகுப்பில் அபிவேர்டு கிடைத்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்து தனக்காக நாட்குறிப்பு எழுதுகிறவர் என்றால் அவர் எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை. எக்ஸ்எஃப்சிஇ போட்டிருந்தால் மெனுவில் மவுஸ்பேட் ஏற்கெனவே இருக்கும்.